தேரி மண்ணிலேயே நிறம் எடுத்து மணப்பாட்டை வரைகிறேன். கடலுக்கு என்ன செய்வது?

கொல்லாமரத்தடி

வணக்கம். ஊர் உடன்குடிப் பக்கம். ஓவிய ஆசிரியர் வேலை. கோடை விடுமுறையில் பொழுது போகாமல் ஆரம்பித்தது இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. எங்கள் தேரி மண்ணிலிருந்தே நிறம் எடுத்து எங்கள் ஊரையே வரைய வேண்டும், கடை வண்ணம் ஒரு சொட்டும் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன். இனிப் பின்வாங்கினால் என் மனைவி சிரிப்பாள்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு: திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் குதிரைமொழித் தேரி கிடக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் குங்குமம் கொட்டியதுபோல் மணல்மேடு. உடைமரம், கொல்லாமரம், ஓரங்களில் பனை. ஆடிக் காற்றில் மேடே இடம் மாறிவிடும் என்பார் என் தாத்தா. சற்றுத் தொலைவில் மணப்பாடு. அங்கே மணல் வெளிறிய வெள்ளை, குன்றின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே கடல்.

செய்முறை இதுதான். மாமா தோட்டத்து மண்ணை ஒரு வாளியில் பாதி போட்டு, நீர் ஊற்றிக் கையால் கலக்குவேன். மணல் உடனே அடியில் இறங்கும். செந்நீரை மட்டும் வேறு பானையில் சாய்த்து ஊற்றிவிட்டு, மீண்டும் நீர், மீண்டும் கலக்கல். நீர் வெளுக்கும்வரை இப்படியே. இரண்டு நாளில் பானை அடியில் வண்டல் தங்கும். மேல்நீரை இறுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடித்து, வெயிலில் உலர்த்தினால் சிவப்புப் பாளம் பாளமாக வரும். ஒரு வாளி மண்ணுக்கு ஒரு தேநீர்க் குவளை தேறினால் அதிர்ஷ்டம். அதைக் கண்ணாடிப் பலகையில் கருவேலம் பிசின் நீர் விட்டு அரைக்கிறேன்.

மூன்று படம் முடிந்தது. தேரி அப்படியே தேரியாக வந்திருக்கிறது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, படம் காய்ந்த சில நாளில் மேலே வெள்ளைப் பொடி பூக்கிறது. இரண்டாவது பெரிய தொல்லை. மணப்பாட்டை வரைந்த படத்தில் கடல் இருக்க வேண்டிய இடம் வெறும் தாளாகக் கிடக்கிறது. சிவப்பை வைத்துக்கொண்டு கடலை எப்படி வரைவது?

சோதனைக்குழாய்

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். முதல் தொல்லைக்கு விடை சொல்கிறேன். இரண்டாவது என் பாடத்திட்டத்தில் இல்லை.

பூப்பது உப்பு. தேரி மணல் ஒவ்வொன்றும் நடுவில் நிறமற்ற குவார்ட்ஸ்தான். அதன் மேல் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் மெல்லிய தோலாகப் படிந்திருக்கின்றன. நீங்கள் கலக்கும்போது அந்தத் தோலும் நுண்களியும் கழன்று நீரில் வருகின்றன. அதுதான் உங்கள் நிறம். இந்த மேடு கடலோரத்தில் இருந்தாலும் எத்தனையோ ஆயிரம் ஆண்டு மழையில் நனைந்து நனைந்து வடிந்தது. மண்ணில் உப்பு அதிகம் இருக்க நியாயமில்லை. கழுவ எந்த நீர் எடுக்கிறீர்கள்?

கொல்லாமரத்தடி

வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர்தான் ஐயா.

சோதனைக்குழாய்

அப்படியானால் குற்றவாளி அகப்பட்டான். உங்கள் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது ஊரறிந்த சேதி. மண்ணிலிருந்து உப்பை எடுக்கவில்லை நீங்கள். நீரிலிருந்து மண்ணுக்கு ஊட்டியிருக்கிறீர்கள். கடைசி மூன்று கழுவலுக்காவது மழைநீர் பிடித்து வையுங்கள். இறுத்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காய வைத்துப் பாருங்கள். வெள்ளை வளையம் விழாத வரைக்கும் கழுவ வேண்டும். மண் நல்ல மண்.

இன்னொன்று, இது அதட்டலாகவே இருக்கட்டும். உலர்ந்த பாளத்தை உரலில் இடித்துப் பொடியாக்காதீர்கள். அதில் நுண்ணிய குவார்ட்ஸ் தூசி உண்டு. கல்லுடைக்கிறவர்களின் நுரையீரலைக் கெடுப்பது அதேதான். எப்போதும் ஈரத்தில் அரையுங்கள். உலர் பொடியைத் தொட்டால் முகக்கவசம் போடுங்கள்.

முட்டம் அக்கா

தம்பி, படங்களைப் பார்த்தேன். பனைவரிசை போட்ட படம் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிமரத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதே. பிசின் கூடிவிட்டது. ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் விட்டு இரவு ஊறவைத்து, துணியில் வடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலையும் நிறப்பொடியையும் ஏறக்குறைய சமமாக எடுத்து அரைத்து, தாளில் ஒரு கோடு இழுங்கள். காய்ந்த பின் விரலால் தேய்த்தால் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் பிசின் போதாது. பளபளத்து வெடித்தால் கூடுதல். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு அளவு குடிக்கும், இதற்குச் சூத்திரம் கிடையாது. இளக்கத்துக்குச் சில சொட்டு தேன், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய்.

எங்கள் முட்டத்திலும் கடலை ஒட்டியே சிவப்பு மண்மேடுகள் உண்டு. உங்கள் தேரியைவிடக் கொஞ்சம் ஆரஞ்சு பக்கம் சாயும். பல வருடமாக அதைத்தான் அரைக்கிறேன்.

கொல்லாமரத்தடி

அக்கா, தேன் கைவசம் இல்லை. உடன்குடியில் இருந்துகொண்டு இனிப்புக்கு வெளியூர் போவதா என்று கருப்பட்டிப் பாகு விட்டேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி! நிறம் அருமையாக வந்தது. மறுநாள் காலையில் எறும்பு வரிசை கட்டி வந்து குதிரைமொழித் தேரியின் மேற்குச் சரிவைத் தின்றுகொண்டிருந்தது. படத்தின் மூலையில் இப்போது ஒரு வெள்ளைப் பாதை இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஒற்றையடிப் பாதை என்று நினைக்கிறார்கள், நானும் ஒன்றும் சொல்வதில்லை.

குழாய்வண்ணன்

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையில் இந்தியன் ரெட், லைட் ரெட் என்று குழாயில் கிடைக்கிறது. அதுவும் இதே இரும்பு ஆக்சைடு, ஆலையில் செய்தது. உப்பு இல்லை, எறும்பு இல்லை, நுரையீரலுக்குக் கேடு இல்லை. மண்வாசனை என்ற ஒரு சொல்லுக்காக வாளி வாளியாகக் கழுவுவது ஓவியமா, சலவையா?

சோதனைக்குழாய்

வேதியியல்படி இவர் சொல்வது சரி. பெயர்ப்பலகை ஒன்றுதான். ஆனால் ஆலைப் பொடியின் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு. தேரிப் பொடியில் பெரியதும் சிறியதும், களியும் கலந்திருக்கும். தண்ணீர்ப் பதமாகத் தீட்டினால் பெரிய துகள் தாளின் பள்ளங்களில் முதலில் உட்காரும், நுண்ணியது பரவி நிற்கும். ஆகவே ஒரே தீட்டலில் இரண்டு அழுத்தம் விழும்.

கொல்லாமரத்தடி

குழாய்வண்ணன் அண்ணாச்சி, கோபம் இல்லை. இதே கேள்வியை என் மனைவி இன்னும் சுருக்கமாகக் கேட்டாள். ஐயா சொன்ன அந்தப் பொரிப்பொரியான அமைப்பு குழாய் வண்ணத்தில் எனக்கு வரவில்லை. தேரி மேட்டைத் தீட்டும்போது மணல் தானாக மணலாக விழுகிறது.

வேறொரு காரணமும் உண்டு. தேரிக்குடியிருப்பில் கருக்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கள்ளர் வெட்டுத் திருவிழா அன்று தேரியில் இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் சிந்திய மண்ணை அள்ளிக்கொள்ளக் கூட்டம் முண்டியடிக்கும். வீட்டில் வைப்பார்கள், வயலில் தூவுவார்கள். சிறு வயதில் அந்த மண்ணை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தவன் நான். அதே சிவப்பைக் குழாயிலிருந்து பிதுக்கினால் எனக்குக் கை ஓடவில்லை. இது நியாயமா என்று கேட்டால் வாதாட மாட்டேன்.

குழாய்வண்ணன்

இப்படிச் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? சரி, கழுவுங்கள்.

கல்லும்கதையும்

ஓவியம் தெரியாது, ஆனால் தேரி மண்ணைக் கழுவுகிறேன் என்றதும் உள்ளே வந்தேன். கழுவும்போது நகம் அளவுக்குக் கூரான கல் சில்லுகள் வருகின்றனவா? எறிந்துவிடாதீர்கள். இந்தத் தேரிகளில் நுண்கற்காலக் கருவிகள் கிடைப்பதை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் கவனித்தார். சாயர்புரம் உள்ளிட்ட இடங்களை ஆராய்ந்து தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956இல் விரிவாக எழுதினார்கள். அந்தக் கருவிகளில் பலவற்றின் மேல் தேரியின் சிவப்பே கறையாக ஏறியிருக்கிறது. உங்களுக்கு முன்பே அந்த மண் வேறொருவர் கைவேலைக்குச் சாயம் போட்டிருக்கிறது! சில்லு ஏதும் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

பதினோராம்விரல்

கருப்பு நிறத்துக்கு ஒரு யோசனை அண்ணா. மணப்பாட்டுக்குத் தெற்கே கடற்கரையில் அலை ஒதுக்கும் கருமணல் பட்டை பட்டையாகக் கிடக்குமே, அதை அள்ளி அரைத்தால் என்ன? அதுவும் ஊர்ப் பொருள்தானே. மண் தேவையென்றால் குதிரைமொழியிலேயே ஒரு சாக்கு எடுத்துத் தருகிறேன், என்னிடம் வண்டி இருக்கிறது.

சோதனைக்குழாய்

தம்பி, இரண்டும் வேண்டாம்.

கருமணலில் பெரும்பகுதி இல்மனைட் என்ற தாது. கண்ணாடியில் அரைத்தால் கண்ணாடிதான் தேயும். அதோடு கார்னெட்டும் மோனசைட்டும் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கப் பொருள். கரையில் நடப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அரைத்துப் பொடியாக்கி மூச்சில் இழுப்பது மடத்தனம். சட்டமும் இருக்கிறது: 2013இலேயே தமிழக அரசு தாதுமணல் அள்ளுவதை நிறுத்தியது, பிறகு மத்திய அரசும் தனியாருக்கு வழியை அடைத்தது. டப்பா அளவு என்றாலும் அந்த வம்பு எதற்கு?

குதிரைமொழித் தேரி வனத்துறையின் காப்புக்காடு. அங்கே மண் அள்ளுவதும் குற்றம். கொல்லாமரத்தடி முதலிலேயே மாமா தோட்டத்து மண் என்று எழுதியதைக் கவனித்தீர்களா? பட்டா நிலத்தில், உரியவரிடம் கேட்டு, ஒரு வாளி. அதுவே வருடத்துக்குப் போதும்.

முட்டம் அக்கா

கருப்புக்குச் சிரட்டைக் கரி இருக்கிறதே. சிரட்டையைத் துண்டாக்கி, மூடி போட்ட தகர டப்பாவில் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு அடுப்பில் வையுங்கள். துளையில் புகை நிற்கும்வரை எரிய வேண்டும். ஆறும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் சாம்பல்தான் மிஞ்சும். இந்தக் கரியில் லேசான நீலச் சாயல் இருக்கும். விளக்குப் புகையில் பிடித்த மை இதைவிடக் கருப்பு, ஆனால் நீரோடு ஒட்டாமல் மிதந்து அடம் பிடிக்கும்.

பனிமூட்டம்

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே டெவன் கடற்கரையில் பிடிஃபர்ட் என்றொரு ஊர். நிலக்கரிப் படிவத்தோடு சேர்ந்து ஒரு கருங்களி மண்ணுக்கடியில் கிடைக்கிறது. பிடிஃபர்ட் பிளாக் என்று பெயர். ஏறக்குறைய இருநூறு ஆண்டு சுரங்கம் வைத்து எடுத்தார்கள், 1969இல் மூடினார்கள். கப்பலுக்குப் பூசினார்கள், போர்க்காலத்தில் டாங்கிகளுக்குப் பூசினார்கள், பெண்களின் கண்ணிமை மையிலும் போட்டார்கள். இப்போது உள்ளூர் ஓவியர்கள் பாறையிடுக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்தக் கடற்கரையையே அதைக் கொண்டு தீட்டுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது கருப்பு மட்டும், நம்மவர் கையில் சிவப்பு மட்டும். கடல் இரண்டு இடத்திலும்தான் இருக்கிறது.

கொல்லாமரத்தடி

அந்தக் கடலைத்தான் கேட்கிறேன்! நீலத்துக்கு அவுரி உண்டே என்று நாட்டு மருந்துக் கடையில் போய் அவுரி இலை கேட்டேன். கட்டிக் கொடுத்தார்கள். மூன்று நாள் ஊறப்போட்டேன், பழுப்பு நீர்தான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, எங்கள் பக்கத்தில் பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்கிறார்கள். நல்லவேளை, குடிக்கவில்லை.

முட்டம் அக்கா

சிரித்துவிட்டேன் தம்பி, மன்னியுங்கள். சாய அவுரி வேறு செடி. அதுவும் பறித்த பச்சை இலையை ஊறப்போட்டு, அந்த நீரைக் காற்றுப் படும்படி நெடுநேரம் அடித்தால்தான் நீலம் அடியில் இறங்கும். கடைச் சருகில் வராது. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் கட்டியாக உருட்டி விற்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், வெயில் படும் சுவரில் மாட்டினால் அவுரி மெல்ல வெளுக்கும். மஞ்சள்தூள் அதைவிட மோசம், சீக்கிரமே ஓடிவிடும். உங்கள் சிவப்பு மட்டும் அப்படியே நிற்கும். பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டி வைத்து நீங்களே பாருங்கள்.

குழாய்வண்ணன்

அஜந்தாவில் சிவப்பும் மஞ்சளும் பக்கத்துக் காவிக்கல். நீலத்துக்கு மட்டும் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற நீலக்கல். எங்கிருந்தோ வந்த நீலம் என்று அவர்கள் தயங்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் இந்தச் சபதத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஒரு குழாய் நீலம் வாங்குங்கள். மனைவி சிரித்தால் சிரிக்கட்டும்.

முட்டம் அக்கா

வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஸ்வீடனில் ஆண்டர்ஸ் சோர்ன் என்று ஓர் ஓவியர் இருந்தார். மஞ்சள் காவி, சிவப்பு, கருப்பு, வெள்ளை என்று நான்கையே வைத்துப் பல படங்கள் தீட்டியவர். அவர் தட்டில் நீலம் இல்லாதபோது கருப்பு அந்த வேலையைச் செய்தது. கண்ணின் வேடிக்கை இது: கனன்ற சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் நிறம் குளிர்ந்து, நீலப்பச்சையாகத் தெரியும். தனியே வைத்தால் வெறும் சாம்பல்.

சிரட்டைக் கரியை நன்றாக நீர்த்துத் தட்டையாகக் கடலுக்குத் தீட்டுங்கள். வானத்தில் தேரிச் சிவப்பை மிக மிக மெலிதாக ஓட்டுங்கள், தாள் லேசாகச் சூடேறினால் போதும். முன்னால் தேரியை முழு அடர்த்தியில் வையுங்கள். கடலும் தேரியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டையும் கலக்க விடாதீர்கள். கலந்தால் பழுப்பாகி எல்லாம் கெட்டுப்போகும்.

பதினோராம்விரல்

மணப்பாட்டில் தேரியும் கடலும் தொட்டுக்கொள்ளாதே அக்கா, நடுவில் வெள்ளை மணல் இருக்கிறதே.

முட்டம் அக்கா

அப்படியா? அங்கே தாளையே வெறுமையாக விடச் சொல்லுங்கள். கலக்கிற பயமும் இல்லை.

கொல்லாமரத்தடி

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். டப்பாவில் சிரட்டை சுட்டதில் முதல் முறை அவசரப்பட்டு மூடியைத் திறந்து சாம்பலாக்கினேன். இரண்டாம் முறை கரி வந்தது. உரசினால் கண்ணாடிபோல் கிணுகிணு என்கிறது. அதை அரைக்க இரண்டு மாலை ஆனது, தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

படம் இணைத்திருக்கிறேன். நான்கு முறை தோற்றேன். முதலில் கடலை இருட்டாகத் தீட்டிவிட்டேன். அது கடலாகத் தெரியவில்லை, தார்ச்சாலையாகத் தெரிந்தது. இரண்டாவதில் வானச் சிவப்பு கூடி, ஊர் தீப்பற்றி எரிவதுபோல் ஆயிற்று. மூன்றாவதில் கோயில் குன்றையும் சிவப்பிலேயே போட்டேன். அது தவறு, அந்தக் குன்று வெளிறிய கல். நான்காவதில் கை நடுங்கிச் சிலுவையே கோணிவிட்டது. ஐந்தாவதில் அக்கா சொன்ன அளவுக்குக் கரியை நீர்த்தேன், கிட்டத்தட்ட அழுக்குத் தண்ணீர். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் கடல் நீலமாக இருக்கிறது! தேரியைக் கையால் மறைத்தால் சாம்பல், கையை எடுத்தால் நீலம். நாலைந்து தடவை மறைத்து மறைத்துப் பார்த்தேன். என் மகள் என்னைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

உப்பும் பூக்கவில்லை ஐயா. நடுவில் பெய்த ஒரு மழையில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்துக் கழுவினேன்.

சோதனைக்குழாய்

ஓட்டில் முதல் நீரை விட்டுவிட்டுப் பிடித்தீர்கள்தானே? படம் பார்த்தேன். நானும் திரையில் கையை வைத்து மறைத்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குழாய்வண்ணன்

நல்ல படம். மேற்கு மூலையில் உடைமரம் பச்சையாக இல்லை என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

முட்டம் அக்கா

மஞ்சள் காவியோடு கரி சேர்ந்தால் ஒரு மங்கிய பச்சை வரும், உடைமரத்துக்குக் கச்சிதம். ஆனால் மஞ்சள் காவி தேரியில் கிடைக்காது. சபதத்துக்கு எவ்வளவு தூரம்வரை எல்லை என்று தம்பிதான் சொல்ல வேண்டும்.

கொல்லாமரத்தடி

எல்லையைத் தாமிரபரணிவரை நீட்டலாம் என்று இருக்கிறேன். மணப்பாட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இது கச்சான் காற்று அடிக்கிற மாதத்துக் கடல் என்றார். மழைக்காலத்தில் வெள்ளம் இறங்கும்போது புன்னைக்காயல் முகத்துவாரத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார். ஆற்றுக் கலங்கல் கடலுக்குள் நெடுந்தூரம் செம்பழுப்பாக ஓடுமாம், அதற்கு உனக்கு நீலமே வேண்டாமே என்றார். இத்தனை நாள் கடலுக்கு நிறம் தேடினேன், கடல் மண்ணைக் குழைத்துக்கொண்டு நிற்கிற மாதம் ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஐப்பசி. பாளம் எதுவும் காய மாட்டேன் என்கிறது, முற்றத்தில் ஏழு பானை மழைநீர் நிற்கிறது. கைவசம் அரைத்து முடித்தது இரண்டு சிப்பி அளவு இருக்கிறது. முட்டம் அக்கா, ஒரு சிப்பி உங்களுக்கு. பதிலுக்கு உங்கள் ஆரஞ்சுச் சிவப்பு கொஞ்சம் வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் தீட்டிப் பார்க்க. முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். கருப்பட்டி இல்லை, தேன்தான் சேர்த்திருக்கிறேன்.